கன்னி மூலையில் ஒரு சப்வூஃபர்

எங்கள் ஹாலில் பேஸ் மிக அருமையாகக் கேட்கும் இடம் வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கிறது. அங்கே தலையை நீட்டினால் தவில் வேறு, இடி வேறு, ஹெலிகாப்டர் வேறு என்று தனித்தனியாகக் கேட்கும். சோபாவில் வந்து உட்கார்ந்தால் மூன்றுமே பக்கத்துத் தெருவில் மாவு மில் ஓடுகிற மாதிரி இருக்கும்.

இதில் சப்வூஃபர் பெட்டியின் குற்றம் எதுவும் இல்லை. ஹாலின் நீளம் 16 அடி. ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது. ஒரு சுவரில் முட்டி மறு சுவருக்குப் போய்த் திரும்ப 32 அடி. வகுத்துப் பார்த்தால் 35 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதியில் போகிற அலையும் வருகிற அலையும் கைகோத்துக்கொண்டு, இரண்டு சுவரோரமும் பொங்கி, நடு ஹாலில் வற்றிவிடும். சோபா இருப்பது நடு ஹாலில். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் மரச் சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர்தான். பேஸில் கொஞ்சத்தை அது தானே நெளிந்து வாங்கிக்கொள்ளும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அப்படியா? போட்டதைப் பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்துவிடும். அங்கே எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு சென்னை ஃபிளாட்டில் பெட்டி வைக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டி வந்த அன்று மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். கனமான சாமான் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்றார். ஆச்சரியம், இயற்பியலும் பாதி தூரம் அவர் கட்சிதான். இரண்டு சுவரும் தரையும் சேருமிடத்தில் வைத்தால் சத்தம் வேறெங்கும் சிதறாமல் குவிந்து வரும். ஆம்ப்ளிஃபையரைத் தொடாமலே பேஸ் கூடிவிடும். ஆனால் மூலையில் இருக்கிற பெட்டி அறையின் எல்லாச் சுருதிகளையும் ஒருசேரத் தட்டி எழுப்பும். பாட்டில் பேஸ் கிட்டார்காரர் எந்த நோட்டை வாசித்தாலும் எங்கள் ஹால் தனக்குப் பிடித்த ஒரே நோட்டை மட்டும் ஓங்கிப் பாடியது. பெட்டியின் பின்னால் இருந்த ஓட்டையில் மாமனார் கையை வைத்துப் பார்த்தார். “காத்து வருதே! அப்ப வாயு மூலைக்கு மாத்திடுங்க மாப்பிள்ளை.” அங்கே ஃபிரிட்ஜ் இருந்தது.

பெட்டிக்குச் சரியான இடம் பார்க்க ஒரு முறை இருக்கிறது. பெட்டியை நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ வேண்டும். எந்த இடத்தில் எல்லா நோட்டும் சமமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் நடுவில் உள்ள பாதை மாறாது என்பதால் இது பலிக்கும். ஆகவே பெட்டி சோபாவில் குஷன் மேல் வீற்றிருக்க, நான் முழங்காலில் டிவி ஸ்டாண்டைத் தாண்டிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போயிருந்த மாமியார் உள்ளே வந்தார்.

“மாப்பிள்ளை எதைத் தொலைச்சுட்டார்?”

“ஒண்ணும் இல்லைம்மா, பேஸ் தேடுறார்.”

“லைட்டைப் போட்டுத் தேடச் சொல்லு.”

கடைசியில் அகப்பட்ட இடம் செருப்பு ஸ்டாண்டு. அதற்கு மனைவி சம்மதிக்கவில்லை. வாசற்படியில் வருகிறவர்களை வரவேற்க சப்வூஃபர் எதற்கு என்று கேட்டாள்.

இடத்தில் கிடைக்காதது திசையில் கிடைக்குமா என்று பார்த்தேன். ஸ்பீக்கரின் கோனைச் சுவரைப் பார்க்கத் திருப்பினேன், சோபாவைப் பார்க்கத் திருப்பினேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரியவும் தெரியாது. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 14 அடி. ஒன்றரை அடிப் பெட்டி எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அது சுற்றி வளைத்து எல்லாப் பக்கமும் போய்விடும். சில பெட்டிகளில் கோன் தரையைப் பார்த்தே இருக்கும். அதையும் விடுவானேன் என்று நாலு ரப்பர் கட்டை கொடுத்துக் குப்புறக் கவிழ்த்தேன்.

சோபாவில் பெரிய மாற்றமில்லை. மாற்றம் கீழ் வீட்டில் நிகழ்ந்தது. தண்ணீர் மோட்டாரை யாரோ அணைக்காமல் விட்டுவிட்டார்கள், டேங்க் வழியப் போகிறது என்று கீழ் வீட்டு மாமா வாட்ச்மேனைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் போய் மோட்டாரை அணைத்தார். உறுமல் நிற்கவில்லை. படிக்கட்டில் ஏறியும் இறங்கியும் காதை வைத்துப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை. கட்டடத்துக்குள் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மனிதக் காதால் எளிதில் சொல்ல முடியாது. குற்றவாளிக்கு இதைவிடப் பெரிய சலுகையை எந்தச் சட்டமும் கொடுத்ததில்லை. மறுநாள் காலை எட்டு வீட்டிலும் தண்ணீர் வரவில்லை. அசோசியேஷன் கூட்டத்தில் மோட்டாரை சர்வீஸ் செய்வதென்று தீர்மானமாயிற்று. நானும் கை தூக்கினேன்.

பெட்டியை நிமிர்த்தி வைத்த பிறகு உள் அறை பீரோ ஆரம்பித்தது. சோதனைச் சத்தத்தைத் தாழ்ந்த சுருதியிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டு போனால் 40 ஹெர்ட்ஸை நெருங்கும்போது கதவில் தொங்கும் சாவிக்கொத்து தகரத்தில் தந்தியடிக்கும். காலண்டர் தாளை நாலாய் மடித்துக் கதவிடுக்கில் செருகினேன். சத்தம் எவர்சில்வர் டம்ளர்களுக்கு மாறியது. 1974இல் ‘எர்த்குவேக்’ படத்துக்காகத் தியேட்டர்களில் ராட்சத பேஸ் பெட்டிகளை இறக்கியபோது, ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் மேலேயிருந்து காரை உதிரும் என்று வலை கட்டினார்கள். டம்ளர் ஸ்டாண்டுக்கு அப்படி ஒரு வலை கேட்டேன். கிடைக்கவில்லை.

இப்போது பெட்டி சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் ஸ்விட்ச் 180 டிகிரியில். தவில் ஏறக்குறைய தவிலாகவே கேட்கிறது. மடிக்கிற துணியை வைக்கப் பெட்டியின் தலை வசதியாக இருப்பதால் வீட்டில் எதிர்ப்பும் அடங்கிவிட்டது.

அந்தத் தைரியத்தில்தான் அடுத்த விஷயத்தை எடுத்தேன். டாட் வெல்ட்டி என்ற ஒலிப் பொறியாளர் 2002இல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்: நாலு சுவரின் நடுவிலும் ஒவ்வொன்றாக நாலு சப்வூஃபர் வைத்தால் எல்லா இருக்கையிலும் பேஸ் சீராக வரும்.

“நாலா?”

“இந்த ஹாலில் முடியாது. வேற வீடுதான் பார்க்கணும்.”

“தாராளமா பாருங்க,” என்றாள், துணியை மடித்துக்கொண்டே. “சிங்கிள் பெட்ரூமே போதும்.”