எல்லாக் கட்சிக்கும் வேண்டியவர்

முதலாளிக்குக் கல்குவாரி இரண்டு, பொறியியல் கல்லூரி ஒன்று, ஏசி கல்யாண மண்டபம் ஒன்று. கட்சி மட்டும் கிடையாது. கரை வேட்டி கட்டியே யாரும் பார்த்ததில்லை, சுத்த வெள்ளை. "நமக்கு எதுக்குங்க அரசியல்?" என்பார். அப்போது எதிர் சோபாவில் ஒரு மாவட்டச் செயலாளர் காபி குடித்துக்கொண்டிருப்பார். இன்னொரு கட்சிக்காரர் பின்கட்டில் காத்திருப்பார். இரண்டு பேரும் வாசலில் முட்டிக்கொள்ளாமல் அனுப்பிவைப்பது கணக்குப்பிள்ளை பொறுப்பு.

கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. உண்டியல் குலுக்கி வரும் சின்னக் கட்சிக்கு ஐந்நூறு ரூபாய். ரசீது வாங்கி, இனிஷியல் சரியா என்றும் பார்ப்பார். பெரிய கட்சியிடம் ரசீது கேட்பது மரியாதை இல்லை. அந்தத் தொகை பேரேட்டில் 'கோயில் திருப்பணி' என்று ஏறும். கணக்குப்படி பார்த்தால் எங்கள் ஊரில் கோபுரங்களுக்கு நடுவே நடக்க இடமிருக்கக் கூடாது.

சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பது விதி. அதைச் சொன்னால், "ஒரு ஒன்றியத்துக்குத்தானே?" என்று அப்பாவியாகக் கேட்பார்.

2018-இல் வந்த தேர்தல் பத்திரம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஸ்டேட் பாங்கில் வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்க வேண்டுமாம். "பேர் தெரியாம போட இது என்ன திருப்பதி உண்டியலா?" என்று ஒதுங்கிவிட்டார்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் பத்திரத் திட்டம் செல்லாது என்றது. அடுத்த மாதம் வாங்கியவர்கள் பட்டியல் வெளிவந்தது. முதலிடத்தில் 1,368 கோடிக்கு வாங்கிய ஒரு லாட்டரி நிறுவனம், முகவரி கோயம்புத்தூர். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை என்பதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஊரே வாய்பிளந்தது. முதலாளிக்கு மட்டும் அன்று சோறு இறங்கவில்லை. பட்டியலில் இருப்பவர்களுக்கு வெட்கமாக இருக்குமே என்றேன்.

"வெட்கமா? நாப்பது வருஷமாக் குடுக்கறேன். எம் பேரு எந்தப் பேப்பர்லயாச்சும் வந்திருக்கா?"

வாக்கு எண்ணும் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். வாழ்த்து விளம்பரம் முதல் நாளே தயார். வாசகம் ஒன்றுதான்: 'கழக ஆட்சி மலர வாழ்த்துகிறோம்.' படம்தான் இரண்டு விதம். பதினோரு மணிக்குள் முன்னிலை தெளிந்துவிடும். உடனே ஒரு கார் சால்வையோடு சென்னைக்குக் கிளம்பும். தோற்றவர் வீட்டுக்கு அடுத்த வாரம், இருட்டிய பிறகு, எலுமிச்சம்பழத்தோடு அவரே போவார்.

"இனிமே அவரால என்ன ஆகப்போகுது?" என்றார் கணக்குப்பிள்ளை.

"குவாரிக் குத்தகை பத்து வருஷம்யா. ஆட்சி அஞ்சு வருஷம்தானே?"