சானமாவு வட்டாரத்தில் ஒயின் முகர்தல்: ஓர் ஆய்வு

எந்தச் சொல்லுக்குப் பின்னாலும் ஒரு முக்காற்புள்ளி வைத்து ‘ஓர் ஆய்வு’ என்று சேர்த்துவிட்டால் அது ஆய்வாகிவிடும் என்பது நம் பல்கலைக்கழகங்கள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவிய முடிபு. அந்த மரபுக்கு அடங்கி, ஒயின் ரசிக்கப் புதிதாகப் பழகுபவர் எதை முகர்கிறார், எதை முகர்ந்ததாகச் சொல்லிக்கொள்கிறார் என்னும் வினாவை ஓசூரை அடுத்த சானமாவில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வின் எல்லை அத்திப்பள்ளி. அங்கே தொடங்குகிறது கர்நாடகம். 1988இல் தொடங்கிய குரோவர் திராட்சைத் தோட்டம் அந்தப் பக்கம், நந்திமலையை ஒட்டி இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற பெங்களூர் நீலத் திராட்சையும் அந்தப் பக்கமே. இந்தப் பக்கம் டாஸ்மாக். தரவு ஓரிடத்திலும் ஆய்வாளர் வேறிடத்திலும் இருப்பது நம் ஆய்வுலகுக்குப் புதிதன்று என்பதால் இது குறையாகக் கொள்ளப்படவில்லை. கருதுகோள் இது: புதியவரின் மூக்கில் குறை ஏதுமில்லை, அவரிடம் இல்லாதது அடுத்தவர் வீட்டுத் தோட்டம்.

காணல், சுழற்றல், முகர்தல், உறிஞ்சல், உமிழ்தல் என ஒயின் அறிதல் ஐவகைப்படும். ஐந்து என்றதும் ஐந்திணையோடு பொருத்திவிடும் ஆசை எழுகிறது. அதை அடுத்த கருத்தரங்குக்கு வைத்துக்கொள்வோம். காணல் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நம்பவும் ஒன்றுமில்லை. வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து போர்தோவில் ஒயினியல் பயின்ற 54 மாணவரிடம் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை அவர்கள் வருணித்தார்கள் என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. சுழற்றல் என்பது காற்றுப்படச் செய்தல். டம்ளருக்கும் டவராவுக்கும் இடையே ஒரு முழ உயரத்தில் காபியை ஆற்றும் சமூகத்துக்கு இதைக் கற்பிக்க முனைவது மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்குவதை ஒக்கும் (டவரா, உள்விளிம்பு, கறை 2). உறிஞ்சலுக்கு ஓசை வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். ரசத்தை அப்படி உறிஞ்சியதற்காகப் பிள்ளைகள் வாங்கிய அடிக்கு இதுவரை எந்தத் துறையும் வருத்தம் தெரிவிக்கவில்லை. உமிழ்தலுக்கு டாஸ்மாக் வட்டாரத்தில் சான்று கிடைக்கவில்லை.

எஞ்சுவது முகர்தல். தொல்காப்பிய மரபியல் நாவறிவை இரண்டாவதாகவும் மூக்கறிவை மூன்றாவதாகவும் வைத்தது. ஆகவே முகராமல் குடிப்பவர் நத்தையோடு நின்றுவிடுகிறார். முகர்ந்து குடிப்பவர் எறும்பாக உயர்கிறார். கலிபோர்னியாவில் ஆன் நோபிள் 1984இல் ஒயின் மணங்களை ஒரு சக்கரமாக வரைந்தார். அதில் பழமும் பூவும் மட்டுமா இருக்கின்றன? டீசல் இருக்கிறது, மண்ணெண்ணெய் இருக்கிறது, தார் இருக்கிறது, நனைந்த நாய் இருக்கிறது. நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசைகட்டி உறுமும் ஒரு தொழிற்பேட்டை வட்டாரத்தில் மழை பெய்து ஓய்ந்த மாலை நேரம் இந்தச் சக்கரத்தில் கால்வாசியைக் கட்டணமின்றிக் கற்றுத் தந்துவிடும். காபர்னே சாவிஞான் ஒயினில் எழும் பச்சை வாடைக்குக் காரணம் மெத்தாக்சிபைரசீன் என்னும் சேர்மம்; பச்சைக் குடைமிளகாய்க்கு அதன் மணத்தைத் தருவதும் அதுவே. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடிலில் விடியற்காலை குடைமிளகாய் பறிக்கும் பெண்ணின் விரல்நுனியில் அந்த மணம் மதியச் சோறுவரை தங்குகிறது (சாக்குப்பை, இடக் காது, நசுங்கிய பிரதி). அவரிடம் புட்டியை நீட்டினால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ஆனால் ஒயின் பாடத்திட்டம் அவரிடம் கேட்பது பிளாக்கரண்ட் பழத்தின் மணம்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். ஊருக்கு ஊர் ஒரு பழத்தைச் சொன்னால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு எப்படி விளங்கும், பொதுச்சொல் வேண்டாமா என்பர் ஒருசாரார். வேண்டும்தான், ஆனால் பிளாக்கரண்ட் பொதுவன்று. நம்மவருக்கு அது ஐஸ்கிரீமின் நிறம். அமெரிக்கருக்கும் அது நெடுங்காலம் அந்நியம்; பைன் மரங்களுக்கு நோயைக் கொண்டுவருகிறது என்று 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அங்கே அச்செடி தடைக்கு உள்ளாகியிருந்தது. அப்படியிருந்தும் 1976இல் பாரிஸில் பெயர் மறைத்து நடந்த சுவைப்போட்டியில் பிரெஞ்சு ஒயின்களை முந்தியது கலிபோர்னிய ஒயின். தமிழருக்கு ஒயின் மரபே இல்லையே என்பது இரண்டாம் தடை. யவனர் கொண்டுவந்த நறுந்தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஊட்டப் பாண்டியன் பருகியதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு பேசுகிறது; அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் ஓடுகளே கிடைத்திருக்கின்றன. அந்தப் பாட்டை வைத்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் சாடியின் வாயையும் அடியையும் அளந்தார்கள்; உள்ளே இருந்தது எப்படி மணத்திருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டை மோந்து பார்த்தால் பட்டம் தரமாட்டார்கள் போலும்.

இனி ஆய்வின் மையமான, முகர்தலில் மனிதரை விஞ்சும் யானை. ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் தறுவாயில் பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டங்கள் சானமாவுக் காட்டுக்கு வருகின்றன; அது ராகி கதிர் முற்றும் பருவம். யானைக்கு மணமறியும் மரபணுக்கள் சுமார் 2,000, மனிதருக்கு சுமார் 400 என்று 2014இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அது ஆப்பிரிக்க யானை. நடுவில் ஒரு கடல் கிடப்பதைப் பொருட்படுத்தாமல் முடிவுக்கு வருவதே ஒப்பாய்வு. கலிபோர்னிய ஒயின் போட்டியில் ஒரே புட்டியை நடுவர்களிடம் மும்முறை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன். சொன்னதையே திரும்பச் சொன்னவர் பத்தில் ஒருவர்தான் என்று 2008இல் எழுதினார். சானமாவு யானை முன்பு மேய்ந்த வயலுக்கே மறுபடி வருகிறது, தீர்ப்பில் பிறழ்வு இல்லை (யானைத்தடம், முன்னிடக் கால், பரணிலிருந்து எடுத்த பாடம், பின்னிரவு, டார்ச் வெளிச்சம் போதாமையால் இரு நகங்கள் சிதைவு, பாடபேதம்: அது வலக் கால்). ராகிக்காரர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டாசோடு பரண்மேல் விழித்திருந்துவிட்டு, விடிந்ததும் இழப்பீட்டு மனு எழுதுகிறார். யானைக்குச் சாராயச் சத்தை உடலில் செரிக்கும் மரபணு ஒன்று பழுதுபட்டிருக்கிறது, அது எப்படி ஒயின் நடுவராகும் என்பது மூன்றாம் தடை. தேர்ந்த நடுவர் எப்படியும் உமிழ்ந்துவிடுகிறார் என்பதை மறந்தவர்களே இதை எழுப்புவர்.

ஆகவே புதியவர் இனி எழுதவேண்டிய குறிப்புக்கு மாதிரி ஒன்று தரப்படுகிறது. புட்டி: காபர்னே சாவிஞான், எல்லைக்கு அப்பால் விளைந்தது. மூக்கில்: அப்போதுதான் அரிந்த குடைமிளகாய், சற்றுப் பொறுத்தால் நசுங்கிய தக்காளி இலை. நாவில்: கொட்டை நீக்காத புளி, அடியில் வெல்லப்பாகு, ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு, கொட்டைப்பாக்கின் பங்காளி. முடிவு: லாரி போனபின் சாலையில் நிற்கும் புகை அளவுக்கு நீளம். மதிப்பெண்: வேலி தாண்டலாம்.