நியூ ஜெர்சித் தமிழரின் முதல் கார் லீஸ்: மூலமும் உரையும் பாடபேதங்களும்

அமெரிக்காவில் முதன்முதலாகக் காரை லீஸுக்கு எடுக்கும் தமிழரைப் பற்றி முறையான ஆய்வு எதுவும் இதுகாறும் நிகழவில்லை என்று தொடங்குவது மரபு. தேடிப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்ல வேண்டும் என்பது மரபில் இல்லை. ஆகவே இத்துறைக்கு இக்கட்டுரையே முதல்நூல். மறுக்க விரும்புவோர் வழிநூல் எழுதிக்கொள்ளலாம்.

ஆய்வின் நில எல்லை நியூ ஜெர்சி. கால எல்லை 36 மாதம், ஏனெனில் லீஸ் ஒப்பந்தம் பெரும்பாலும் அவ்வளவுதான். ஹெச்-1பி விசாவும் முதல்முறை தரப்படும்போது அதிகபட்சம் மூன்றாண்டு. இவ்விரண்டும் ஒத்துவருவதைத் தற்செயல் என்று விட்டுவிடுபவர் ஆய்வாளர் ஆகார். இப்பொருத்தத்தை மட்டும் வைத்தே லீஸ் முறையை வகுத்தவர் தமிழர் என்று நிறுவிவிடலாம். இதைவிட மெலிந்த சான்றில் இதைவிடப் பெரிய முடிவுகள் பொன்னாடை வாங்கியிருக்கின்றன.

மூலநூல், 1976ஆம் ஆண்டின் நுகர்வோர் லீஸ் சட்டம். அதற்கு உரை, 'ரெகுலேஷன் எம்'. காரெடுக்கப் போகிறவர் மூலத்தையும் படிப்பதில்லை, உரையையும் படிப்பதில்லை, தம் ஒப்பந்தத்தையும் படிப்பதில்லை. நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்திடுகிறார். முனைவர் பட்ட ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் மதிப்பிடும் முறையும் இதுவே என்பதால், இதைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.

எழுத்துச் சான்றுக்கு நிகராக இத்துறையில் கொள்ளப்படுவது மச்சான் மரபு. 'நான் எடுத்தப்ப மாசம் 199தான்' என்பது இம்மரபின் ஆதிவாக்கியம் (மச்சான், தொலைபேசி வழி, குக்கர் விசில் குறுக்கிட்ட நிலையில்). எந்த ஆண்டு, எந்தக் கார், முன்பணம் எவ்வளவு என்பன இப்பிரதியில் செல்லரித்துவிட்டன.

காரெடுப்போர் கிரெடிட் ஸ்கோர் உடையார், இலார் என இருவகையர். இலார் இக்கட்டுரையை ஓராண்டு கழித்துப் படிக்க.

நிறம்: வெள்ளை, கறுப்பு, சாம்பல். இவ்வியல் முற்றிற்று.

டொயோட்டாவா ஹோண்டாவா என்பது வீட்டில் முடிவு செய்யப்படும். ஆய்வாளருக்கு அங்கே வேலையில்லை.

விளம்பர இலக்கியத்துக்கு வருவோம். 'மாதம் 299 டாலர்' என்று தலைப்பில் கொட்டை எழுத்து. அடியில், கையெழுத்திடும்போது 3,999 டாலர் என்று எறும்பெழுத்து. உரைகாரர் பலர் தலைப்போடு நின்றுவிட்டனர். முதல் மாதத் தவணை அந்த 3,999க்குள் அடக்கம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மீதி 35 தவணையையும் கூட்டி 36ஆல் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 402 வருகிறது. 299 என்பது அழகியல் சார்ந்த எண் என்று துணியலாம். முன்பணம் கட்டுவதில் இன்னொரு நயமும் உண்டு. அடுத்த வாரமே கார் விபத்தில் நொறுங்கிப் போனால், காப்பீடும் 'கேப்' பாதுகாப்பும் சேர்ந்து லீஸ் கம்பெனியின் கணக்கைத் தீர்த்துவைக்கும். கட்டிய முன்பணம் பொதுவாக உங்களிடம் திரும்பாது. எனவே முன்பணம் கட்டாமல் மாதக் கணக்கை மட்டும் ஒப்பிடுக என்பது அறிந்தோர் கொள்கை. அப்படி ஒப்பிடும்போது தவணை, கார் ஜன்னலின் ஒட்டுத்தாள் விலையில் நூற்றில் ஒன்றுக்குள் இருந்தால் நல்ல லீஸ் என்று ஒரு பழைய அளவுகோலும் உண்டு. 40,000 டாலர் காருக்கு 400. இப்போதெல்லாம் அப்படிக் கிடைப்பது அரிது. கிடைத்ததாகச் சொல்பவர் பெரும்பாலும் மச்சான்.

இனித் தலையாய இயல். லீஸுக்கு வட்டி உண்டு. ஆனால் வட்டி என்று வாய்விட்டுச் சொல்வது அவைக்கு ஆகாது. 'மணி ஃபேக்டர்' என்பர். ஆறு சதவீதம் என்றால் வந்தவர் எழுந்து போய்விடக்கூடும். 0.00250 என்றால் ஏதோ கழிவு தருகிறார்கள் போலும் என்று தலையாட்டுவார். அதை 2400ஆல் பெருக்கினால் அதே ஆறு வந்து நிற்கும்.

ஏன் 2400? இவ்வினா இத்துறையை இரு கட்சியாகப் பிளந்துவிட்டது. ஒட்டுத்தாள் விலை 40,000, பேசி முடித்த விலை 37,000, மூன்றாண்டு கழித்துக் கார் பெறும் என்று கம்பெனி முன்கூட்டியே எழுதிவைக்கும் 'ரெசிடுவல்' மதிப்பு 60 சதவீதம், அதாவது 24,000 என்று கொள்வோம். 37,000இல் 24,000ஐக் கழித்து 36ஆல் வகுத்தால் தேய்மானம் மாதம் 361.11. இதுவரை இரு கட்சியும் ஒன்றாகவே காபி குடித்தன. வட்டிக்கு வரும்போதுதான் வினை. அங்கே இரண்டு தொகையையும் கூட்டி, 61,000ஐ 0.00250ஆல் பெருக்கி, மாதம் 152.50 என்கிறார்கள். கழித்தல் கட்சியார் கொதித்தெழுந்தனர்: 'நாற்பதாயிரம் டாலர் காருக்கு அறுபத்தோராயிரத்தின் மேல் வட்டியா? இது ஏடெழுதினவன் பிழை. கழித்தல் குறியின் குறுக்கே கரையான் ஒரு கோடு அரித்துக் கூட்டல் குறி ஆக்கிவிட்டது' (வேறொருவரின் மச்சான், பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீன், தோசை டோக்கன் வாங்கிய பின், எண் அழைக்கப்படுமுன், மேற்கோளின் பிற்பகுதி சட்னியில் சிதைந்துள்ளது). கூட்டல் கட்சியாரின் விடை குரூரமான எளிமை உடையது. கடன் 37,000இல் தொடங்கி 24,000இல் முடிகிறது. சராசரி வேண்டுமானால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். அந்தப் பாதிக்காக 2, ஆண்டை மாதமாக்க 12, சதவீதத்துக்காக 100. மூன்றையும் பெருக்கினால் 2400. ஏழாம் வகுப்புக் கணக்கில் அடங்கிவிடுவதால் இவ்விடையை ஆய்வுலகம் இன்னும் ஏற்கவில்லை. கருத்தரங்குகள் தொடர்கின்றன.

கருத்தரங்கில் யாரும் கேட்காத கேள்வி ஒன்றுண்டு. கம்பெனி டீலருக்குத் தந்த அடிப்படை எண் எது? அது 0.00210 ஆக இருக்க, டீலர் 0.00250 என்று ஏற்றி ஓதலாம். நான்காம் தசமத்தில் நிகழும் இந்தப் பாடபேதத்தின் விலை, நம் கணக்கில் மாதம் 24.40; மூன்றாண்டுக்கு 878.40 டாலர். வெண்பாவில் ஓரசை மிகுந்தால் தளைதான் தட்டும், இங்கே பர்ஸ் தட்டுகிறது. உரையைப் புரட்டினால், மொத்த 'ரென்ட் சார்ஜ்' எத்தனை டாலர் என்று ஒப்பந்தத்தில் காட்டியே ஆகவேண்டும் என்று ரெகுலேஷன் எம் விதிக்கிறது. வட்டி விகிதத்தைக் காட்டச் சொல்லவில்லை. உரையாசிரியர் மௌனம் காத்த இடத்தில் வாசகர் கால்குலேட்டரை எடுக்கலாம். ரென்ட் சார்ஜ் 5,490 என்றிருந்தால் 36ஆல் வகுத்து, வந்ததை 61,000ஆல் வகுக்க, 0.0025 என்ற மறைபொருள் வெளிப்படும். விற்பனையாளர் முன்னிலையில் இதைச் செய்வது தனிச் சுகம் என்ப.

இடைச்செருகல் ஆராய்ச்சி சுருக்கமானது. காரின் மூலப்பிரதி அதன் ஜன்னல் ஒட்டுத்தாள். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி கார் கம்பெனியே ஒட்டுவது. அதன் பக்கத்தில் டீலர் ஒட்டும் இரண்டாம் தாள் பிற்காலத்தது. பெயின்ட் காப்பு, கண்ணாடியில் எண் பொறிப்பு, டயருக்கு நைட்ரஜன் ஆகியன அதில் வரும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருப்பதால், தகராறு மீதி 22க்கு மட்டுமே. இடைச்செருகலைக் கண்டதும் நீக்குவது நல்ல பதிப்பாசிரியர் கடமை. நீக்கினால் தம் பதிப்பில் ஒன்றுமே மிஞ்சாது என்று அஞ்சும் பதிப்பாசிரியர்களும் உளர். அவர்கள் நைட்ரஜனையும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும்.

கட்டணம் இருவகை. புகும்போது 'அக்விசிஷன் ஃபீ', திருப்பித் தரும்போது 'டிஸ்பொசிஷன் ஃபீ'. காரைத் தந்ததற்கும் காசு, திருப்பி வாங்கிக்கொண்டதற்கும் காசு. இதற்கு இலக்கணத்தில் விதியில்லை, புறனடையாகக் கொள்க.

மைல் வரம்பு பெரும்பாலும் ஆண்டுக்கு 10,000, 12,000, 15,000 என மூன்று. முதல்முறை எடுப்பவர் ஆபீஸ் தூரத்தைப் பெருக்கிப் பார்த்து 10,000 போதும் என்பார். அவர் கணக்கில் விடுபடுவது பெற்றோர் வருகைக் கோடை. ஊரிலிருந்து வந்த பெற்றோரை நயாகராவுக்கு அழைத்துச் செல்லாத மகன் இதுவரை எந்தத் தரவிலும் அகப்படவில்லை. எடிசனிலிருந்து போக ஏறக்குறைய 400 மைல், வர அவ்வளவு. வரம்பு தீர்ந்த பின் மைலுக்கு 25 சென்ட் என்று ஒப்பந்தம் சொன்னால், அருவி தரிசனம் 200 டாலர். பெட்ரோல் தனி, புளியோதரை வீட்டுச் சரக்கு. 'நாம வேணா பஸ்ல போகலாமேப்பா' என்று ஒரு தாய் சொன்னதாகப் பதிவுண்டு (மூன்றாம் நபரின் மாமியார், பின்சீட்டு, காலை நடுநிசி என்று அவரே குறித்த ஒரு நேரம், முன்சீட்டில் இருந்தவர் இக்கூற்றை மறுக்கிறார், ஓட்டியவர் மைல்மானியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சாட்சி சொல்ல இயலவில்லை). தொடக்கத்திலேயே 12,000 என்று எழுதிக்கொள்வது பெரும்பாலும் மலிவு.

மேலாய்வுக்குரியது ஒன்று எஞ்சுகிறது. விலையைக் குறைக்கச் சொன்னவுடன் விற்பனையாளர் 'மேனேஜரைக் கேட்டு வருகிறேன்' என்று கண்ணாடி அறைக்குள் போகிறார். அங்கே என்ன நடக்கிறது? அடிப்படை எண்ணை எடுத்துப் பார்க்கிறார்கள் என்பது ஒரு கருதுகோள். உள்ளே மேனேஜரே இல்லை என்பது மற்றொன்று. நம்மைக் காக்கவைப்பதைத் தவிர அங்கே ஒரு செயலும் நிகழ்வதில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் பௌதிகச் சான்று கிடைத்திருப்பது மூன்றாவதற்கு மட்டுமே: வெறுங்கையோடு போனவர் திரும்பும்போது காபியோடு வந்தார், சர்க்கரை போட்டுக் கலக்கியாகியிருந்தது.