கண்ணாடி ஃபைல் காப்பாற்றும்

நம் வீட்டு பீரோவில் நகைக்கு அடுத்த மரியாதை கண்ணாடி ஃபைலுக்குத்தான். மார்க் ஷீட், பட்டா, வில்லங்கச் சான்று, சாதிச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் குடியிருக்கும். உள்ளே இருப்பது வெளியே தெரியும் என்று கடைக்காரர் சொல்லித்தான் விற்கிறார். தெரிவதென்னவோ மேலே இருக்கும் ஒற்றைத் தாள். நாம் தேடுவது எப்போதும் அதன் முதுகுக்குப் பின்னால்.

பாதுகாப்பு விஷயம் இன்னும் ருசியானது. மலிவான உறைகளில் பல பிவிசி. அது வளைந்துகொடுக்கச் சேர்க்கும் ரசாயனம் நாளடைவில் கசிந்து, ஜெராக்ஸ் எழுத்தின் டோனரை இளக்கி உறையின்மேல் ஒட்டவைத்துவிடும். சில வருடம் கழித்து உருவிப் பாருங்கள்: தாத்தாவின் பத்திர நகல் பாதி தாளில், பாதி பிளாஸ்டிக்கில். பாகப்பிரிவினை இத்தனை சுமுகமாக எந்தக் குடும்பத்தில் நடந்திருக்கிறது? ஃபிரிட்ஜ் வாங்கிய பில் வெப்பத்தாளாக இருந்தால் பிரிக்க ஒன்றும் மிஞ்சாது. எழுத்தே மங்கி வெறுந்தாளாகிவிடும். ஆவணக் காப்பகங்களில் பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் என்று பார்த்து வாங்குவார்கள். நாம் கேட்பது, “அண்ணே, பத்து ரூபாயில இருக்கா?”

இத்தனை பத்திரப்படுத்திக் கொண்டுபோனால், அலுவலகத்தில் ஃபைலை நம்மிடமே திருப்பித் தள்ளிவிட்டு, தாளில் ஓட்டை போட்டு டேக் கயிற்றில் கோத்துவிடுகிறார்கள்.