மழை மேல் பழி போடாதீர்கள்! – கேள்வி பதில்

கே: வீட்டில் இன்டர்நெட் இருக்கிறது. அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்துக்கும் வேண்டும். பெரிய ரவுட்டர் வாங்கினால் எட்டுமா? (பொள்ளாச்சி)

ப: காசுதான் கரையும். ரவுட்டர் நாலாபுறமும் சிக்னலைச் சிதறடிக்கும். வயர்லெஸ் பிரிட்ஜ் ஒரே திசையில் குவிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பிரிட்ஜ் இரண்டு வாங்கி, ஒன்றையொன்று பார்க்கும்படி உயரத்தில் மாட்டுங்கள். இந்த அலைவரிசையில் 605 மெகாஹெர்ட்ஸை மத்திய அரசு 2018இல் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. கருவியில் நாடு 'இந்தியா' என்று மறக்காமல் வையுங்கள்.

கே: இரண்டையும் கம்பத்தில் ஏற்றியாயிற்று. ஒன்றோடொன்று பேசவே மாட்டேன் என்கின்றன. (தென்காசி)

ப: கீழே இறக்குங்கள். மேஜையில் சேராதது மாடியில் சேராது. ஒன்று 'ஆக்சஸ் பாயின்ட்', மற்றது 'ஸ்டேஷன்' என்றிருக்க வேண்டும். நெட்வொர்க் பெயரும் பாஸ்வேர்டும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இருபுறத்தையும் ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் டபிள்யூடிஎஸ் வசதி இருந்தால் இரண்டிலும் ஆன் செய்யுங்கள். ஐபி முகவரி மட்டும் வேறாக இருக்கட்டும். யூபிக்விட்டி கருவிகள் பலவும் 192.168.1.20 என்ற முகவரியோடுதான் பெட்டியிலிருந்து வரும். ஒன்றை 21 ஆக்குங்கள். முகவரி வழங்கும் வேலையை, அதாவது டிஹெச்சிபியை, ரவுட்டர் ஒன்றே பார்க்கட்டும். மேஜைச் சோதனையில் பவரைக் குறைத்து வையுங்கள்; பக்கத்தில் வைத்து முழு பவரில் ஓட்டினாலும் சிக்னல் கெடும்.

கே: என் கருவி −75 காட்டுகிறது, நண்பருடையது −55. எனக்குத்தானே அதிகம்? (கரூர்)

ப: 75 ரூபாய் கடன்காரர், 55 ரூபாய் கடன்காரரைவிடப் பணக்காரரா? மைனஸைப் பாருங்கள். நண்பருக்கு வரும் சிக்னல் உங்களுடையதைப்போல் 100 மடங்கு. ஒருவர் ஆன்டெனாவை மெல்லத் திருப்ப, இன்னொருவர் போனில் எண்ணைச் சொல்லட்டும். எண் நன்றாக வந்த முதல் இடத்திலேயே போல்ட்டை முடுக்கிவிடாதீர்கள். அது பக்கவாட்டுக் கதிராக இருக்கலாம். இன்னும் திருப்பி, குறைந்து, மறுபடி ஏறுகிறதா என்று பார்த்து உச்சத்தில் நிறுத்துங்கள்.

கே: எதிர்மாடி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் மழை வந்தால் லிங்க் போய்விடுகிறது. (நாகர்கோவில்)

ப: இந்தத் தூரத்தில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மழை பெரிய எதிரி அல்ல. நனைந்த தென்னை மட்டைதான் எதிரி. கண்ணுக்குக் கோடளவு வழி போதும், அலைக்குப் போதாது. 1 கிலோமீட்டர் லிங்க்குக்கு நடுவழியில் சுற்றிலும் சுமார் 3.6 மீட்டர் வரை அலை பரவும். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். மரம் இல்லையென்றால் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். உலோகப் பற்களில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. முனையை வெட்டிப் புதிது போடுங்கள். கேபிள் கீழிருந்து மேலாக நுழையட்டும், நுழையுமுன் சற்றுத் தொங்கட்டும். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கே: பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று பிரிட்ஜோடு ஒரு கேபிளும் இழுத்தோம். அலுவலகம் முழுக்க நெட்வொர்க் நின்றுவிட்டது! (ஓசூர்)

ப: இரண்டு வழி கிடைத்ததும் தகவல் சுற்றிச் சுற்றி ஓடி நெட்வொர்க்கையே மூழ்கடித்துவிட்டது. ஒரு கேபிளை உருவுங்கள், உடனே உயிர் வரும். இரண்டும் வேண்டுமென்றால் சுவிட்சில் இந்தச் சுற்றைத் தடுக்கும் எஸ்டிபி வசதியை ஆன் செய்யுங்கள்.

கே: லிங்க் போனால் முதலில் எந்த செட்டிங்கை மாற்றுவது? (விருதுநகர்)

ப: எதையும் மாற்றாதீர்கள். பக்கத்துக் கருவி, எதிர்க் கருவி, அதற்கப்பால் ரவுட்டர் என்று வரிசையாகப் பிங் செய்யுங்கள். பதில் எங்கே நிற்கிறதோ, அங்கேதான் பழுது. லிங்க் நன்றாக ஓடும் நாளிலேயே ஐபி முகவரிகளையும் சிக்னல் எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சுவிட்ச் பெட்டியில் ஒட்டிவையுங்கள். நள்ளிரவில் பழுது பார்க்க வருகிறவர் உங்களை வாழ்த்துவார்.