இட்லிப் பொடிக் குழியும் அதில் நிலைகொள்ளும் எண்ணெய்களும்: ஒரு முன்னாய்வு

தமிழ் ஆய்வுலகம் கல்வெட்டைப் படித்திருக்கிறது, பானையோட்டைப் படித்திருக்கிறது. தட்டோரத்தில் மிளகாய்ப் பொடியைக் குவித்து, விரல் நுனியால் நடுவே அமுக்கி எடுக்கும் குழியை மட்டும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. காலையில் தோண்டப்பட்டுப் பத்து நிமிடத்தில் தடயமின்றி அழிந்துவிடுவதால் தொல்லியலார் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

குழிக்குள் எந்த எண்ணெய் என்பதில் நான்கு கட்சிகள் உள.

மூத்தது நல்லெண்ணெய்க் கட்சி, ஆள்பலமும் அதற்கே. நிறைவுற்ற கொழுப்பு 14 விழுக்காடு அளவில்தான். மீதியை ஒற்றை நிறைவுறாக் கொழுப்பும் பன்மை நிறைவுறாக் கொழுப்பும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எள்ளுக்கே உரிய செசமோலின், செசமால் போன்றவை எண்ணெயில் சிக்கு வாடை சீக்கிரம் ஏறவிடாமல் காக்கின்றன. இவ்வளவு வலுவான சான்றுகள் கையில் இருக்க, இக்கட்சியார் மேடையில் முழங்குவது என்னவோ "கருப்பட்டி போட்டு ஆட்டினதுங்க" என்பதையே. செக்கில் கருப்பட்டி போடுவது எண்ணெய் பிரிந்து வரட்டும் என்றுதான். சர்க்கரை எண்ணெயில் கரையாது. கருப்பட்டியின் சத்து புண்ணாக்கோடு மாட்டுக்குப் போய்ச் சேர்கிறது. மாடு இதுகுறித்து இன்றுவரை அறிக்கை எதுவும் வெளியிடவில்லை.

நெய்க் கட்சி எப்போதும் வீட்டின் கடைக்குட்டியை முன்னிறுத்தியே வாதிடும். "பிள்ளைக்கு இன்னும் ரெண்டு சொட்டு விடும்மா" என்று மருமகளிடம் தாத்தா தொடங்குகிற வாக்கியம், தாத்தாவின் தட்டில் வந்து முற்றுப்பெறும். நிறைவுற்ற கொழுப்பு 60 விழுக்காட்டுக்கும் மேல். வைட்டமின் ஏ உண்டு, கொலஸ்ட்ராலும் உண்டு. நெய் அதிகச் சூட்டைத் தாங்குமே எனின், தாங்கும். ஆனால் பொடிக்குழிக்கு அடியில் அடுப்பு எரிவதில்லை ஆகலின் அவ்வாதம் ஈண்டுச் செல்லாது என்க.

தேங்காய் எண்ணெய்க் கட்சிக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் செல்வாக்கு அதிகம். நிறைவுற்ற கொழுப்பில் இதை மிஞ்ச நால்வரில் ஆளில்லை: 80 விழுக்காட்டுக்கு மேல். மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஆகவே உதகையில் மார்கழிக் காலையில் இதைக் குழிக்குள் ஊற்ற இயலாது, வைக்கத்தான் இயலும்.

சூரியகாந்திக் கட்சியில் யாரும் பரம்பரை உறுப்பினர் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்த மறுநாள் கட்சி மாறி வந்தவர்களே அனைவரும். லினோலிக் அமிலம் பாதிக்கு மேல், வைட்டமின் ஈ தாராளம். போதாக்குறைக்கு, பாக்கெட்டின் மேல் இதயப் படம் போட்டுக் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்றும் அச்சடிக்கிறார்கள். தாவர எண்ணெய்க்கு இப்படிச் சான்று தருவது, வாழைப்பழத்தில் முள் இல்லை என்று சான்றிதழ் கொடுப்பதற்கு ஒப்பாகும். சத்தில் குறையில்லை, ஆனால் இதைக் குழியில் விட்டால் பொடி ஒருபக்கம், எண்ணெய் ஒருபக்கம், நடுவே இட்லி அநாதையாக நிற்கும்.

இனி நால்வரும் வாய் திறக்காத செய்தி. எந்தக் கட்சியானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 120. நடுத்தர இட்லி இரண்டு சேர்ந்தாலும் அதை எட்டுவது கடினம். தாளிப்பது, பொரிப்பது, ஊற்றிக்கொள்வது எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஆக, கேள்வி எது என்பதன்று, எவ்வளவு என்பதே. அதை முடிவு செய்வது நாக்கும் அன்று, மருத்துவரும் அல்லர், குழியின் கரை.

நெருங்கிப் பார்ப்போம். தூக்கிலிருந்து எண்ணெய் இறங்குகிறது. பொடி முதலில் குடிப்பதில்லை. எண்ணெய் சற்று நேரம் மேலே பளபளவென்று நின்று, பிறகு விளிம்பைக் கருஞ்சிவப்பாக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. முதல் விள்ளல் பட்டதும் தெற்குக் கரை உடைகிறது. எண்ணெய் சட்னியை நோக்கி ஓடுகிறது. அணைகட்டப் பொடி வேண்டும்.

"ஏங்க, போதும்ங்க."

"எண்ணெய் மிச்சம் இருக்கே. கொஞ்சம் பொடி போடு."

பொடி விழுகிறது. இப்போது பொடி மிச்சம், எண்ணெய் தேவை. எண்ணெய் விட்டதும் இரண்டும் மிச்சம், இட்லி தேவை. இதனை 'மிச்சத் தேற்றம்' எனப் பெயரிட்டு வழங்குவோம். இரண்டும் ஒருசேரத் தீர்ந்த தட்டு ஆய்வாளர் பார்வைக்கு இதுவரை கிட்டவில்லை. சட்னியால் துடைத்துச் சமன் செய்வோர் உளராயினும் அது கணக்கை மறைக்கும் உத்தி எனத் தள்ளப்பட்டது.

ஓட்டல்களில் பொடி இட்லியை முன்கூட்டியே பிரட்டிக் கொண்டுவந்து வைப்பது இச்சிக்கலைத் தவிர்க்கவே எனக் கருத இடமுண்டு. அங்கே குழி இல்லை, கரை இல்லை, கட்சியும் இல்லை. என்ன எண்ணெய் என்று சர்வரிடம் வினவியதற்கு, "பொடி எண்ணெய் சார்" என்ற விடை கிடைத்தது.