அந்த ஒருத்தன்

பரணில் கை வைத்த மறுநொடி, "மாமா, அதைக் காயலான் கடைக்குப் போட்டுடாதீங்க!" என்று அலறல் கேட்கிறதா? உங்கள் வீட்டிலும் ஒரு மெயின்டெய்னர் இருக்கிறான். எங்கள் வீட்டில் இருப்பவன் என் மச்சினன்; பழைய கம்ப்யூட்டர் சாமான்களை ஓடவைக்கும் 'டிரைவர்' மென்பொருளைப் பராமரிக்கிறவன்.

சுங்குவார்சத்திரத்தில் டிரைவர் என்றால் ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவர். பெண் பார்க்கப் போன இடத்தில், "பழைய டிரைவருங்களைக் காசு வாங்காம பராமரிக்கிறேன்" என்றான் இவன். முதியோர் இல்லம் என்று நினைத்துப் பெண்ணின் அப்பா 500 ரூபாய் கொடுத்தார். பெண்ணைக் கொடுக்கவில்லை.

ஊரே ராப்பகலாக ஐபோன் பூட்டுகிறது. இவனும்தான். ஷிப்ட் முடிந்து வந்தால் ஃபிளாப்பி. சோனியே 2011-ல் கைகழுவிய சமாச்சாரம், 1.44 எம்.பி. இன்றைய செல்போன் படம் ஒன்றுகூட அடங்காது. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2019-ல் அதன் உட்கருவான கர்னலின் ஃபிளாப்பி டிரைவரை 'அனாதை' என்று குறித்துவிட்டார். கவனிக்க ஆளில்லாத டிரைவருக்கு அங்கே அதுதான் பட்டம். அப்புறம் யாரோ தத்தெடுத்தும் கொண்டார்கள். இவனுக்கு மனசு ஆறவில்லை. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதுக் கர்னல் வருமாம். உள்ளே எவரோ எதையோ மாற்ற, பழைய டிரைவர் படுத்துவிடுமாம். நிஜ டிரைவில் போட்டுப் பார்க்க ஆள் வேண்டுமாம். அதற்குத்தான் என் பரண்.

"யாருக்குடா இதெல்லாம்?"

"எங்கயோ ஒருத்தன் இன்னும் யூஸ் பண்ணிட்டிருப்பான் மாமா."

அந்த ஒருத்தன் எங்கள் ரேஷன் கார்டில்தான் இல்லை. அவனுக்காகப் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. அவனுக்காக ராத்திரி முழுக்கக் கறக் கறக்கென்று டிரைவ் ஓடும். "அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று என் மாமியாரே விசாரித்துவிட்டார். வீட்டுத் தண்ணீர் மோட்டார் படுத்து மூன்று வாரம்; அதை யூஸ் பண்ணுகிறவர்கள் ஐந்து பேர்.

எரிச்சல் இவன்மேல் மட்டுமில்லை. எடைமேடைக்காரர் ஒருவர், கார்பன் காப்பி விழ வேண்டுமென்று இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்தான் வைத்திருக்கிறார். லாரிக்கு லாரி காசு. அது மக்கர் பண்ணினால் ராத்திரி இரண்டு மணிக்கு இவனுக்குப் போன். இன்றுவரை ஒரு டீ வாங்கித் தந்ததில்லை.

போன மாதம் அந்த ஒருத்தன் நிஜமாகவே வந்துவிட்டார். பிள்ளைப்பாக்கம் பக்கம் லேத் பட்டறை. ஃபிளாப்பியில் கொடுத்தால்தான் புரோகிராமைத் தின்னும் பழைய சி.என்.சி. மெஷின். மச்சினன் அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சாமியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். என் மனைவி கேசரி கிளறினாள்.

அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தக் கருமத்தைக் கழட்டிட்டு ஒரு பென்டிரைவ் மாட்டித் தர முடியுமா?"